பிள்ளையின் நாவில் தாயின் நோய்

புற்றுநோய் சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று ஆள் பார்த்து வருவதில்லை என மேடைகளில் பேசுகிறார்கள். உண்மைதான். ஆனால் வந்த பிறகு அது ஆள் பார்க்கிறது. உடம்பில் என்ன இருக்கிறது, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, என்ன மருந்து, எத்தனை தரம், வீட்டுக்குப் போன பின் என்ன நடந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்பதையெல்லாம் ஒருவருக்கு அவருடைய தாய்மொழியில் சொல்கிறார்கள். இன்னொருவருக்கு, கூட வந்த பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாயால் சொல்கிறார்கள். வைத்தியசாலைப் பதிவேட்டில் மட்டும் இருவரும் ஒரே இலவச சிகிச்சையைப் பெற்றவர்களாக எழுதப்படுகிறார்கள்.

அந்த இரண்டாவது நோயாளியைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன். நோயைப் பற்றி நோயாளிக்கு விளங்கும் மொழியில் சொல்வது மரியாதைக்காகச் செய்யும் உபகாரமன்று. அது சிகிச்சையின் ஒரு பகுதி. அதைக் கொடுக்காத வைத்தியசாலை அரைச் சிகிச்சைதான் கொடுக்கிறது. அதைக் கேட்காத சமூகமும் அரைச் சிகிச்சையோடு திருப்திப்பட்டு வீடு திரும்புகிறது.

வஹகோட்டையிலிருந்து எழுதுகிறேன். புனித அந்தோனியார் தேவாலயத்தால் நாடறிந்த ஊர். ஒரு காலத்தில் கண்டி இராச்சியத்தில் குடியேறிய போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படும் கத்தோலிக்கக் குடும்பங்கள் இங்கு வாழ்கின்றன. அவர்களுடைய முன்னோரின் மொழி இன்று இவ்வூரில் எவர் வாயிலும் இல்லை. அவர்கள் சிங்களம் பேசுகிறார்கள். சிறுபான்மை மொழி ஒன்று சத்தமில்லாமல் போய்விடும் என்பதற்கு நாம் புத்தகம் தேடத் தேவையில்லை. ஆனால் இன்னும் போகாத மொழிக்குச் சொந்தக்காரர்களான நாம், நோய்ப் படுக்கையில் அந்த மொழியை ஏன் வாசலில் கழற்றி வைக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

வடக்கில் இருப்பவருக்குத் தெல்லிப்பளை இருக்கிறது. கிழக்கில் இருப்பவருக்கு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே மருந்துத் தட்டுப்பாடு இருக்கலாம், கட்டில் இல்லாமல் போகலாம். ஆயினும் தாதியிடம் தமிழில் ஒரு கேள்வி கேட்கலாம். மாத்தளை, குருநாகல், கேகாலை, பதுளை மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் முஸ்லிம் கிராமங்களுக்கும் தோட்ட லயன்களுக்கும் அந்த வசதி கிடையாது. எங்கள் ஊர்க்காரர் கலேவெலையில் பஸ் ஏறி ஒன்றில் கண்டிக்குப் போக வேண்டும், அல்லது மகரகமவுக்குப் போக வேண்டும். விடியுமுன் புறப்பட்டு, கிளினிக்கில் நம்பர் எடுத்து, பகல் முழுவதும் காத்திருந்து, வைத்தியரின் முன்னால் சில நிமிடங்கள் நிற்கிறோம். அந்தச் சில நிமிடங்களில் சொல்லப்படுவது விளங்காவிட்டால் அவ்வளவு தூரம் போனதில் பாதி வீண்.

ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நமது அரச வைத்தியசாலைகளைத் திட்டுவது என் நோக்கமன்று. பல இலட்சம் பெறுமதியான சிகிச்சையை ஏழைக்கும் காசு வாங்காமல் கொடுக்கும் நாடுகள் உலகில் அதிகமில்லை. இன்று அபேக்ஷா வைத்தியசாலை என அழைக்கப்படும் மகரகம வைத்தியசாலைக்குப் போய் உயிரோடு திரும்பியவர்கள் எல்லாக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லைக் கோர்த்து நமது உம்மாமாரைத் தேற்றும் சிங்களத் தாதியரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு என் ஸலாம். ஆனால் ஒரு தாதியின் நல்ல மனதில் தங்கியிருக்கும் உரிமை, அவர் லீவில் போகும் நாளில் இல்லாமல் போய்விடுகிறது. உரிமைக்கு ஓர் ஏற்பாடு வேண்டும்.

சட்டத்தில் குறை இருக்கிறதா? இல்லை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதன் விளைவுகளை ஒரு தலைமுறை இரத்தத்தால் எழுதியது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் 16ஆவது திருத்தம் அதை நிர்வாகத்துக்கு விரித்தது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒரு பிரஜை அரச உத்தியோகத்தருடன் தமிழில் தொடர்புகொள்ளவும், தமிழிலேயே பதில் பெறவும் உரித்துடையவர் என்று 22ஆவது உறுப்புரை சொல்கிறது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் வந்தது. 2007 ஜூலை முதலாம் திகதிக்குப் பின் அரச சேவையில் சேர்பவர்கள் ஐந்து வருடங்களுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று பொது நிர்வாகச் சுற்றறிக்கை 7/2007 கூறியது. இவற்றைப் படித்தால் நாம் சுவர்க்கத்தில் வாழ்வதாகத் தோன்றும். கிளினிக் வாசலில் நின்றால்தான் பூமிக்கு வருவோம். அங்கே பெயர்ப்பலகையில் மூன்று மொழி இருக்கிறது. பலகைக்குப் பின்னால் ஒரு மொழிதான் இருக்கிறது.

"உங்கட ஆக்கள் நல்லாச் சிங்களம் கதைப்பார்களே" என்று ஒரு பதில் வரும். நம்மவர்களும் அதைப் பெருமையோடு சொல்வார்கள். ஆம், கதைக்கிறோம். கலேவெலை, தம்புள்ளை சந்தைகளில் மரக்கறி மூட்டைக்கு விலை பேசவும், கடையில் கடன் கேட்பவரைச் சிரித்தபடி திருப்பி அனுப்பவும், பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கவும் நமது ஆண்களுக்கு வேண்டியளவு சிங்களம் தெரியும். அது கடைச் சிங்களம். வைத்தியர் பேசுவது வேறு. திசுப் பரிசோதனை, கட்டத்தின் அளவு, கணு, கதிர்ச் சிகிச்சை, பக்க விளைவு, மீண்டும் வரும் சாத்தியம் ஆகியவற்றைப் பற்றிய சிங்களம் சந்தையில் கிடைப்பதில்லை. வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத, தமிழ்மொழிப் பாடசாலையில் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நமது பெண்களுக்கோ கடைச் சிங்களமும் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணின் நிலையும் அதுவே. இந்நாட்டுப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய் என்பதை இதனோடு சேர்த்து யோசியுங்கள். மொழி மிகக் குறைவாகத் தெரிந்தவர்களிடம்தான் மிக அந்தரங்கமான கேள்விகள் கேட்கப்படுகின்றன.

வலியைப் பற்றிச் சொல்ல நம்மிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். குத்து, கடுப்பு, எரிவு, உளைவு, இழுப்பு, விறைப்பு, விண்விண் என்று தெறித்தல். ஒரு கிழவி இந்தச் சொற்களை மாற்றிப் போடமாட்டாள். நரம்பில் வரும் எரிவுக்கு ஒரு மருந்து, எலும்பில் வரும் உளைவுக்கு இன்னொரு மருந்து என்று வைத்தியம் பிரிகிறது. வைத்தியருக்கு வேண்டிய தகவல் அந்தக் கிழவியின் நாக்கில் தயாராக இருக்கிறது. ஆனால் மேசையின் முன் அவளுக்குத் தெரிந்த சிங்களம் "ரிதெனவா" என்ற ஒரு சொல்தான். நோகிறது. அவ்வளவே. ஏழு சொல் தெரிந்தவளை ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டு, "இவர்கள் எதையும் ஒழுங்காகச் சொல்லமாட்டார்கள்" என்று கோப்பை மூடுவது நியாயமா?

இனி அந்தப் பிள்ளைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒன்பதாம் தரத்தில் படித்த ஒரு மாணவி மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாடசாலைக்கு வருவதில்லை. வாப்பா வெளிநாட்டில். உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவது அவள்தான். இரண்டாம் மொழிப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்ததுதான் அவள் செய்த குற்றம். ஒருநாள் இடைவேளையில் வந்து கேட்டாள்: "சேர், சிங்களத்தில 'அவதானம' எண்டா நம்மட அவதானம்தானே?"

தமிழில் அவதானம் என்றால் கவனம். சிங்களத்தில் அவதானம என்றால் ஆபத்து, அபாயம். எழுத்தில் இரண்டும் அக்காவும் தங்கையும் போல இருக்கும். பொருளில் ஒன்றுக்கொன்று வெகு தூரம். வைத்தியர் "அவதானமக் தியெனவா" என்று சொன்னாராம். ஆபத்து இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளை உம்மாவிடம், "கவனமா இருக்கட்டாம்" என்று சொல்லியிருக்கிறாள். உம்மா கவனமாக இருந்தார். பாரம் தூக்கவில்லை, குளிர் தண்ணீரில் குளிக்கவில்லை. வைத்தியர் சொன்னது வேறு ஆபத்து, அதற்காகச் செய்ய வேண்டியது வேறு காரியம் என்பது அடுத்த கிளினிக்கில்தான் தெரிய வந்தது. அது எந்த வைத்தியசாலை என்று சொல்ல நான் வரவில்லை. எந்த வைத்தியசாலையிலும் நடக்கக்கூடியது அது.

அந்தத் தாய் பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். அதனால் இந்தக் கதை சுபமாக முடிந்தது என்று சொல்ல என் மனம் இடம் தரவில்லை. அந்தப் பிள்ளை சொற்களை மட்டும் சுமக்கவில்லை. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று பதின்மூன்று வயதில் அவளே தீர்மானித்தாள். உம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு வசனத்தை விழுங்கினாள். பின்னர் விழுங்கிய வசனத்தால்தான் உம்மாவுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று இரவில் பயந்தாள். நமது பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழி கற்பிப்பது இனங்களிடையே பாலம் கட்டுவதற்காக என்று கல்வி அமைச்சின் கைந்நூல் சொல்கிறது. பாலமாகக் கிடப்பவர்களின் முதுகில் யார் யார் நடந்து போகிறார்கள் என்பதைக் கைந்நூல் சொல்லவில்லை.

பிரித்தானியாவில், பல மொழி பேசும் குடியேறியவர்களின் சிகிச்சைக்கு எழுதப்பட்ட வழிகாட்டல்கள் ஒரு விடயத்தில் தெளிவாக இருக்கின்றன. நோயாளிக்குப் பயிற்றப்பட்ட மொழிபெயர்ப்பாளரை வைத்தியசாலையே ஏற்பாடு செய்ய வேண்டும், அவசர நிலை தவிரப் பிள்ளைகளை அந்த வேலைக்கு இழுக்கக் கூடாது. அங்கும் எல்லாம் ஒழுங்காக நடப்பதில்லை என்று முறையிடுகிறார்கள். ஆனால் முறையிட ஒரு விதி இருக்கிறது. அங்கே போய்க் குடியேறிய யாழ்ப்பாணத்தவருக்கும் காத்தான்குடியாருக்கும் அந்நிய நாட்டில் இருக்கும் ஏற்பாடு, தமிழ் அரசகரும மொழியாக இருக்கும் சொந்த நாட்டில் நமக்கு இல்லை. இந்நாட்டில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் தமிழர் அல்லது முஸ்லிம். குடியேற வந்தவர்களின் கோரிக்கையன்று இது.

மொழி சிகிச்சையின் பகுதி என்றேன். உதாரணம் தருகிறேன். இரசாயன மருந்து ஏற்றிய பின் ஒன்றிரண்டு வாரங்களில் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் குறைந்துவிடும். அந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால், 38 பாகை செல்சியஸைத் தாண்டினால், அது சாதாரணக் காய்ச்சலன்று. அன்றைக்கே, அந்த மணித்தியாலத்திலேயே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். தாமதித்தால் கிருமி இரத்தத்தில் பரவி உயிர் போகலாம். இதை அறியாதவர் என்ன செய்வார்? காய்ச்சல் வந்தால் நாம் எல்லோரும் செய்வதையே செய்வார். இரண்டு பெனடோல் விழுங்கி, கொத்தமல்லி அவித்துக் குடித்து, போர்த்திக்கொண்டு படுப்பார். புற்றுநோயிலிருந்து தப்பிக்கொண்டிருந்தவர் ஒரு வாக்கியம் விளங்காததால் போய்விடுவார். ஜனாஸா வீட்டில் நாம், "வருத்தம் முத்திப் போச்சாம்" என்று பேசிக்கொண்டிருப்போம்.

கதிர்ச் சிகிச்சையும் அப்படியே. வார நாட்களில் நாளுக்கு ஒரு தரமாக, வாரக் கணக்கில் தொடர வேண்டியது. இடையில் விட்டால் பலன் குறையும். ஏன் குறையும் என்று விளங்கப்படுத்தப்படாத ஏழைத் தொழிலாளி, உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலைக்குத் திரும்பிவிடுகிறார். கடைசிக் கட்டத்தில் கொடுக்கப்படும் மோர்பின் மருந்தை, வலி தாங்க முடியாமல் போகும்வரை காத்திருக்காமல், நேரம் பார்த்து நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். "போதை மருந்தாச்சே, ஹராமாச்சே" என்று நமது வீடுகளில் அந்தப் போத்தல் அலுமாரியில் கிடக்கிறது. வலி தீர்க்க மருந்தாகக் கொடுப்பதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள் என்பதை அந்த வீட்டுக்குச் சொல்ல ஆளில்லை. நோன்பு காலத்தில் குளிசையை நிறுத்திவிடும் நோயாளிக்கு, நோயாளிக்குரிய சலுகை என்னவென்று சொல்லவும் ஆளில்லை.

"ஒரு வைத்தியருக்கு நாளைக்கு நூறு நோயாளி, இதற்கெல்லாம் நேரமேது, காசேது?" என்பார்கள். நேரம் இல்லாததால்தான் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்கிறேன். விளங்காத நோயாளி திரும்பத் திரும்ப வருகிறார், மருந்தை இடையில் விடுகிறார், பிந்தி வருகிறார். அவருக்கு ஏற்றிய விலையுயர்ந்த மருந்து வீணாகிறது. கிளினிக் நாளில் ஒரு மேசை, ஒரு கதிரை, பயிற்றப்பட்ட ஓர் ஆள். இதற்கான சம்பளத்தை அந்த வீண்செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொலைபேசி இல்லாத வீடு இல்லாத இக்காலத்தில், ஒரே ஆள் ஓரிடத்திலிருந்து பல வைத்தியசாலைகளுக்கு மொழிபெயர்க்கவும் முடியும். வழியில்லை என்பது காரணமன்று.

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். நம்பிக்கை உடைந்திருக்கிறது. 2019இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் மீது கருத்தடைக் குற்றச்சாட்டு எழுப்பப்பட்டு நாடு முழுவதும் நஞ்சு பரப்பப்பட்டது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. அவர் நிலுவைச் சம்பளத்தோடு மீண்டும் சேவையில் சேர்க்கப்பட்டார். ஆனால் இரு பக்கமும் ஏற்பட்ட காயத்துக்கு எவரும் நிலுவை கட்டவில்லை. 2020இல் கொவிட் ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. வைத்தியசாலையில் மௌத்தானால் மையித் கிடைக்குமா என்று பயந்த ஒரு சமூகம், நெஞ்சில் ஒரு கட்டி தெரிந்தவுடன் வைத்தியசாலைக்கு ஓடுமா? அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்கள் அது எங்கே விளைந்தது என்பதை மறக்கிறார்கள். உடைந்த நம்பிக்கையை ஒட்ட வைக்கும் முதல் பசை, "உங்களுக்கு என்ன செய்யுது உம்மா?" என்று தமிழில் கேட்கும் ஒரு குரல்தான்.

அரசாங்கத்தைப் பேசியாயிற்று. இனி நம்மைப் பேசுவோம். அதற்கு நமது பத்திரிகைகளில் பக்கம் கிடைப்பது குறைவு.

சிங்களம் தெரிந்த கணவனும் சகோதரனும் கூடப் போகும்போது நடப்பது என்ன? வைத்தியர் அவரிடம் சொல்கிறார். அவர் தலையாட்டுகிறார். வெளியே வந்து மனைவியிடம், "ஒன்றுமில்லையாம், ஒரு சின்னக் கட்டியாம்" என்கிறார். அன்பினால்தான் சொல்கிறார், மறுக்கவில்லை. ஆனால் தன் மார்பை அகற்றப் போகிறார்கள் என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் வரை அறியாத பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உடம்பு அவளுடையது, உயிர் அவளுடையது. அல்லாஹ்விடம் கணக்குச் சொல்லப் போவதும் அவளே. அவளுக்கு வஸிய்யத் செய்ய இருக்கும், கடன் தீர்க்க இருக்கும், மகளிடம் சொல்ல ஒரு சொல் இருக்கும். அதற்கான அவகாசத்தைப் பறிக்க நமக்கு யார் உரிமை தந்தார்கள்? வைத்தியசாலையின் மொழிச் சுவரை நாமே வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டுகிறோம்.

1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் 'சுவ நாரி' என்ற பெயரில் பெண்களுக்கான கிளினிக் நடக்கிறது. முப்பத்தைந்து வயதானவர்களை அழைத்து, மார்பையும் கருப்பைக் கழுத்தையும் பரிசோதிக்கிறார்கள். காசில்லை. குடும்பநல உத்தியோகத்தரான பெண்தான் அழைப்பிதழோடு வீட்டுக்கு வருகிறார். ஆண் வைத்தியரிடம் காட்ட வேண்டிவருமே என்று தயங்கும் நமது பெண்களுக்கு இதைவிட வசதி வேறென்ன? அப்படியிருந்தும் நமது பெண்களில் எத்தனை பேர் போகிறார்கள் என்று உங்கள் ஊர் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மௌத்தையும் ஊருக்கு அறிவிக்கும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி, மாதத்தில் ஒருநாள் அந்தக் கிளினிக் திகதியை அறிவித்தால் என்ன குறைந்துவிடும்? மார்பகம் என்ற சொல்லைச் சொல்ல வெட்கமாம். அந்த வெட்கத்தின் விலையை ஆண்கள் கட்டுவதில்லை.

ஆண்களுக்கு வருவோம். இந்நாட்டு ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப்புற்று. நமது கலியாண வீட்டிலும் தோட்டத்து மலையிலும் வெற்றிலைத் தட்டு இல்லாமல் காரியம் நடப்பதில்லை. புகையிலை சேர்க்காமல் போட்டால் தீங்கில்லை என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இலேயே பாக்கு தனியாகவும் புற்றுநோயை உண்டாக்கும் என்று வகைப்படுத்திவிட்டது. வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளைப் படையோ, சிவப்புப் படையோ தெரிந்தால் காட்ட வேண்டும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். ஒரு டோர்ச்சும் பழகிய கண்ணும் போதும். இலங்கையிலேயே 1980களில் பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் சகாக்களும் அடிமட்டச் சுகாதார ஊழியர்களைப் பயிற்றுவித்து இது முடியும் என்று காட்டினார்கள். கேரளத்தின் திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வு, வீடு வீடாகப் போய் வாயைப் பரிசோதித்தது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்ததை 2005இல் உலகம் அறிந்தது. வாசலில் வந்து நின்று நம் மொழியில், "வாயைக் கொஞ்சம் திறங்கோ நானா" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் அது இங்கும் நடக்கும்.

நாம் கொடுக்காதவர்கள் அல்ல. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை இளைஞர்கள் நடந்து, தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி சேர்த்தபோது எல்லா இனத்தவரும் கொடுத்தார்கள். 2016இல், புற்றுநோய்க்கு மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் முயற்சியில் கதீஜா பவுண்டேஷன் மகரகம வைத்தியசாலைக்குப் 'பெட்' ஸ்கேன் இயந்திரம் வாங்க 20 கோடி ரூபா இலக்கு வைத்து நிதி திரட்டியபோதும் அப்படியே. ஒரு முஸ்லிம் தொடங்கிய வேலைக்குச் சிங்களக் கிராமத்துப் பிள்ளையும் உண்டியலை உடைத்துக் கொடுத்தது. இந்த நாட்டில் இன்னும் நல்லது மிச்சம் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நான் கேட்பது அடுத்த படியை. இயந்திரம் கண்டதை நோயாளிக்குச் சொல்ல வாய் வேண்டும். இயந்திரத்தில் கொடையாளியின் பெயரைப் பொறிக்கலாம், மொழிபெயர்ப்பாளரின் நெற்றியில் பொறிக்க முடியாது. அதனால்தான் அதற்குக் காசு சேர்வதில்லையோ?

தமிழ் பேசும் தாதியர் ஏன் குறைவு என்பதற்கு ஆசிரியன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதில் இருக்கிறது. தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும். சிங்களப் பெரும்பான்மை மாவட்டங்களில் உள்ள நமது தமிழ்மொழிமூலக் கிராமப் பாடசாலைகளில் பெரும்பாலும் உயர்தர விஞ்ஞானப் பிரிவே கிடையாது. சாதாரண தரத்தோடு கெட்டிக்காரப் பிள்ளைகள் நிற்கிறார்கள், அல்லது கலைப்பிரிவுக்குப் போகிறார்கள். தூரத்து நகரத்துக்கு அனுப்பப் பெற்றோர் பயப்படுகிறார்கள். பெண் பிள்ளை தாதியாகப் போவது கௌரவக் குறைவு என்று வேறு நினைக்கிறார்கள். நமது உம்மாவுக்குத் தமிழ் பேசும் பெண் தாதி வேண்டும், ஆனால் நமது மகள் தாதியாகக் கூடாது. இந்தக் கணக்கு எந்தப் பாடசாலையிலும் சரிவராது.

கடைசியாக எழுத்தாளர்களான நமக்கு. இது இலக்கியச் சஞ்சிகை, இங்கே நோயைப் பற்றி ஏன் என்று கேட்பவர்கள் இருக்கலாம். நமது சிறுகதைகளில் புற்றுநோய் கதையை முடிக்கத்தான் வருகிறது. நாயகி இருமுகிறாள், முடி கொட்டுகிறது, கடைசிப் பக்கத்தில் மௌத்தாகிறாள். சிகிச்சை பெற்று எழுந்து மறுபடி அடுப்பு மூட்டும் பெண்ணை நாம் எழுதியதில்லை. பேச்சிலும் பெயர் சொல்லாமல் 'அந்த வருத்தம்', 'பெரிய வருத்தம்' என்கிறோம். அரசாங்கம் அச்சடிக்கும் தமிழ்த் துண்டுப் பிரசுரத்தை எடுத்துப் பாருங்கள். சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ அகராதி வைத்துப் பெயர்த்த தமிழ், பண்டிதருக்கும் விளங்காது. அதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். திருத்திக் கொடுக்கக் கை நீட்டியவர் யார்?

இதே தீவில் 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழ் கற்று, மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை வைத்தியம் படிப்பித்தார். ஆயிரக்கணக்கான பக்கங்களில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்நியருக்கு முடிந்திருக்கிறது. நமது முன்னோருக்கும் முடிந்தது. எழுதப் படிக்க வாய்ப்பில்லாதிருந்த பெண்களும் மார்க்கம் அறியட்டும் என்று, குர்ஆன் ஓதப் பழகிய கண்ணுக்கு விளங்கும் எழுத்தில் அறபுத்தமிழ் நூல்களைச் செய்தார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்களின் கிதாபுகளை நமது மூத்தம்மாமார் வீட்டில் வாசித்தார்கள். கண்டியில் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியபோதும் எண்ணம் அதுதான்: அறிவு மக்களின் வீட்டுக்குப் போக வேண்டும், மக்களின் மொழியில் போக வேண்டும். அவர்களுடைய பேரர்களாகிய நாம் விருது வாங்கப் போட்டி போடுகிறோம்.

நான் கேட்பவை பெரிய காரியங்களல்ல. புற்றுநோய் கிளினிக் நடக்கும் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் அன்றைய தினம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் இருக்கும் இடம் வாசலில் எழுதப்பட வேண்டும். சம்மதப் படிவமும், மருந்தேற்றிய பின் கொடுக்கும் எச்சரிக்கை அட்டையும் நல்ல தமிழில் இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை மூலம் நோய் விபரம் சொல்வதைத் தடுத்துச் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் கிளினிக் திகதியை அறிவிக்க வேண்டும். சிங்களம் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கூடப் போக ஆளில்லாத நோயாளியோடு மாதத்தில் ஒருநாள் போக வேண்டும். எழுத்தாளர்கள் நாலு பேர் வைத்தியர் ஒருவரோடு உட்கார்ந்து, எங்கள் கிராமத்துப் பெண்ணுக்கு விளங்கும் தமிழில் ஒரு சிறு கையேட்டை எழுத வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு அதைக் குரலில் பதிந்து கொடுக்க வேண்டும். கேட்டதைத் தராத வைத்தியசாலையைப் பற்றி அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுத வேண்டும். 1991 முதல் அந்தக் கதவு இருக்கிறது. தட்டுவது நம் வேலை.

அடுத்த தவணையிலும் எனது வகுப்பில் ஒரு கதிரை சில நாட்களில் காலியாக இருக்கும். அந்தப் பிள்ளை எங்கே என்று இடாப்புக் கூப்பிடும்போது கேட்டால், "உம்மாவோட கிளினிக் போயிருக்கு சேர்" என்று மற்றப் பிள்ளைகள் சொல்லும். அது உம்மாவுக்குத் துணையாகப் போயிருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. வைத்தியருக்கு நாக்காகப் போயிருந்தால் அந்த வரவுக் கணக்குக்கு அமைச்சும் நமது ஜமாஅத்தும் பேனா பிடித்த நாமும் பதில் சொல்லியாக வேண்டும்.